போணி நேரத்தில் பேரம்

நான் கடல் தாண்டியவன் இல்லை. ஆனாலும் வெளிநாடு போயிருக்கிறாயா என்று யாராவது கேட்டால், போயிருக்கிறேன், ஒரகடம் என்று சொல்லுவேன். கோவில்பட்டிக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வெளிநாடு வேண்டும்? பேச்சு வேறு, சாப்பாடு வேறு, தண்ணீர் வேறு. எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்குக் குழாயடியில் உறவு முறிந்துபோகும். இவர்கள் ஊர்தோறும் ஒரு ஏரியை வெட்டி, அதில் எருமையைப் படுக்கப் போட்டுவிட்டு, தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருக்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மெட்ராசில் ஒரு பிரெட் கம்பெனியில் ரெப்பாகச் சேர்ந்திருந்தேன். மறைமலை நகர்ப் பக்கமும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமும் ஒவ்வொரு தொழிற்சாலையாக எழும்பிக்கொண்டிருந்தது. ஷிப்டுக்குப் போகிறவன் டீயோடு எதையாவது கடிப்பான், அந்த எதையாவது நம்முடையதாக இருக்க வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை. வழியில் உள்ள கடைகளைப் பிடித்து வா என்று என்னை அனுப்பினார்கள். சேருகிற கடைக்குக் கம்பெனி பெயர் எழுதிய கண்ணாடிப் பெட்டி இலவசம், கமிஷனும் தாராளம். ஒரே ஒரு நிபந்தனை, அந்தக் கடையில் வேறு யார் பன்னும் இருக்கக் கூடாது. இது என்ன பெரிய நிபந்தனை என்று மாதிரிக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் விடிந்தும் விடியாமலும் சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் ஏறினேன். ஒரகடம் கூட்டு ரோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பஸ் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு பீடி பற்றவைத்தார். அவர் பற்றவைத்த நிதானத்திலேயே இது இப்போதைக்கு நகராது என்று புரிந்தது. மற்றவர்கள் கண்டக்டரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்க, பசி பொறுக்காதவன் நான், முதல் ஆளாக நடந்தேன்.

கூட்டு ரோட்டில் ஏகாம்பரத்தின் டீக்கடை. ஏகாம்பரம் நாற்பது வயசு இருக்கும், தோளில் துண்டு, காதில் பென்சில். அன்று பால் வரத் தாமதம், அடுப்பில் வெந்நீர் மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. நான் பெட்டியையும் பையையும் இறக்கி வைத்து, அண்ணாச்சி, பிரெட் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னும் போணி ஆவல சார். வாங்கறதுனா வாங்கு. பேசறதுனா அப்பால பேசு."

போணி எங்கள் ஊரிலும் உண்டு. நாளின் முதல் வியாபாரம் ரொக்கமாக, முகம் சுளிக்காமல் நடக்க வேண்டும், அதைப் பொறுத்துத்தான் அன்றைய நாள். ஆனால் எங்கள் ஊரில் போணிக்கு முன்னால் வாயையாவது திறக்க விடுவார்கள். இங்கே அதுவும் கிடையாது. பால் இல்லாத டீக்கடையில் எதை வாங்குவது? அட்டையில் கோத்துத் தொங்கிய சீப்பு ஒன்றை வாங்கினேன். என் தலையில் முன்பக்கம் அப்போதே காலி. ஏகாம்பரம் என் தலையைப் பார்த்தார், சீப்பைப் பார்த்தார், காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

போட்ட கை கல்லாவை விட்டு வெளியே வரவில்லை, பால்காரர் வந்தார். பாலுக்குப் பின்னால் பஸ் கூட்டம் மொத்தமும் வந்தது. குழந்தை, குட்டி, கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று அத்தனை பேரும் பசியும் கோபமுமாக வந்து விழுந்தார்கள். டீ போட்டு மாளவில்லை. பன் தீர்ந்தது, முறுக்கு தீர்ந்தது, வாழைத்தாரில் காம்புதான் மிச்சம். கடை இவ்வளவு சீக்கிரம் காலியாகி அவர் பார்த்ததில்லையாம். கூட்டம் போனதும் ஏகாம்பரம் காலி டப்பாக்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். இன்னா கை சார் உனுக்கு என்றார்.

பஸ் நின்றுபோனதால் வந்த கூட்டம் அண்ணாச்சி, என் கைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றேன். பஸ் தினமும்தான் எங்கேயாவது நிற்கிறது, என்றைக்காவது தன் கடைக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்.

எனக்காக ஒளித்து வைத்திருந்த கடைசிப் பன்னை அப்புறம் கொடுத்தார். மேலே நல்ல கருஞ்சிவப்பு, உள்ளே பஞ்சு, கடித்தால் ஏலக்காய் வாசனையோடு லேசாக வெல்லம். டீயில் தோய்த்தால் கரைந்து விழாமல் விறைப்பாக நிற்கிறது. டீ மட்டும் பாயசம். இந்த ஊரில் சர்க்கரையைக் கரண்டியில் போடுவதில்லை, கவிழ்த்துவிடுகிறார்கள். இந்தப் பன் எந்தக் கம்பெனி என்று விசாரித்தேன். பாக்கியம் கம்பெனி என்று சொல்லி ஏகாம்பரம் கடைக்குப் பின்பக்கம் புகை வருகிற திசையைக் காட்டினார். கம்பெனி சொன்ன அந்த 'வேறு யார் பன்'னுக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அன்று ராத்திரிக்கு ஏகாம்பரம் வீட்டிலேயே இடம். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. குழம்பின் காரத்தில் எனக்குக் கண் பிதுங்கியது, ஆனாலும் கோவில்பட்டி மானத்தைக் காப்பாற்ற இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் என்னை எழுப்பியது சேவல் இல்லை, மளிகைக்கடைக் கன்னியப்பன். ஏகாம்பரம் கடைக்கு எதிர்க்கடை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, அரிசி கேட்டு வந்த இரண்டு பேரை, போணிக்கு ஆள் வர்றாரு இருங்க என்று வாசலிலேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட வந்திருந்தார். பல்கூடத் தேய்க்க விடவில்லை. ஒரு கற்பூரப் பொட்டலம் வாங்கினேன். அன்றைக்கென்று மணிமங்கலத்தில் ஒரு கல்யாணம், தாம்பரத்திலிருந்து சாமான் ஏற்றி வந்த லாரி வழியில் அச்சு முறிந்து படுத்துவிட்டது. சமையல்காரர் மாட்டுவண்டியோடு வந்து கன்னியப்பனின் பருப்பு மூட்டை, எண்ணெய் டின், புளி, மிளகாய் என்று கடையையே ஏற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு என்னால் ரோட்டில் நடக்க முடியவில்லை. கடைக்குக் கடை, இப்டி வந்துட்டுப் போ சார் என்று கை நீண்டது. சைக்கிள் இல்லாத நான் சைக்கிள் கடையில் ஒரு பெல் வாங்கினேன். அன்றுதான் ரோட்டில் ஜல்லி கொட்டியிருந்தார்கள், பஞ்சர் ஒட்டிப் பஞ்சர் ஒட்டிக் கடைக்காரருக்குக் கை ஓய்ந்துபோனது. அதுவும் என் கணக்கில் சேர்ந்தது. மறுநாள் ஒரு லாரி டிரைவர் டீக்கு நின்றபோது, ரெப் சார் முகம் கழுவிக்கிட்டு கீறாரு, அவரு வந்து வாங்கினாத்தான் உனக்கு என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டார். டிரைவர் என்னைத் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியை இங்கே எழுத முடியாது.

பஸ் நின்றது, அச்சு முறிந்தது, ஜல்லி கொட்டியது எல்லாம் எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். ஆனால் ரெப் வேலை பார்க்கிறவன் தானாக வருகிற மரியாதையை வேண்டாம் என்று சொல்வானா? பெட்டியை வைக்கிற கடைக்கு ஒரு வாரம் நான்தான் போணி என்று ஒரு வார்த்தையை விட்டுப் பார்த்தேன். கன்னியப்பன் உடனே இடத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார். ஏகாம்பரம் மட்டும் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் மொகத்துல எப்டி முழிக்கறது என்று முனகினார். பிறகு கண்ணாடிப் பெட்டியை ஒரு தடவை தடவிப் பார்த்தார். சரி, நாளைக்கு வரட்டும் என்றார்.

கம்பெனிக்குப் போன் போட ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போக வேண்டியிருந்தது. போகிறதுக்குப் பஸ் கிடைத்தது, வருகிறதுக்குக் கிடைக்கவில்லை, செங்கல் லாரியில் செங்கல்மேல் உட்கார்ந்து திரும்பினேன். நாளை விடியற்காலை பெட்டிகளோடு மேனேஜரே வேனில் வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள். சட்டையெல்லாம் செம்மண்ணாக இறங்கி நின்றால், பாக்கியம் எதிரே நிற்கிறாள்.

முப்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கை வரைக்கும் மைதா, இடுப்பில் செருகிய முந்தானை. அவளுடைய புருஷன் முனுசாமி மெட்ராசில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி அடுப்புக் கட்டினவர். மாவு பிசைவது, சுடுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் இவள். சைக்கிளில் கடை கடையாகப் போடுவது மட்டும் அவர் வேலை. பாக்கியம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஊரில் எல்லாருக்கும் போணி செய்கிறாயாமே, நாளைக்கு எனக்கும் செய்துவிட்டுப் போ என்றாள். கெஞ்சலாக இல்லை, வரிப் பாக்கி கேட்க வந்தவள் போலக் கேட்டாள். வருகிறேன் என்றேன். நாளைக்கு வேண்டாம், இன்றைக்குச் சாயங்காலச் சூட்டுக்கே வா, சாயங்கால அடுப்புக்குத் தனிப் போணி என்று கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

செங்கல் அடுப்புக்கு முன்னால் இரண்டு பெண்கள் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். மணிமங்கலம் பக்கத்துச் சவுக்கு விறகு ஒரு ஓரம். மைதாவும் வெல்லமும் கன்னியப்பன் கடைச் சாக்கில். உருண்டை பிடிக்கிறவர்களுக்கு ஏகாம்பரம் கடையிலிருந்து டீ வந்தது. முனுசாமியின் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது அந்தப் பெல் கடைக்காரர். பாக்கியத்தின் பன் விற்ற காசு ஊரின் எல்லையைத் தாண்டுவதற்குள் நாலு கல்லாவில் ஏறி இறங்கிவிடும். எங்கள் கம்பெனி பிரெட் விற்ற காசு அன்றைக்கே பஸ் ஏறி மெட்ராஸ் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம், அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

தட்டு வெளியே வந்தது. ஒரு பன்னை எடுத்துக்கொண்டு காசை நீட்டினேன். வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இரு. காசு கைக்கு வந்துட்ச்சினா போணிக்காரன நான் திட்டக் கூடாது. அதுக்கு முன்னாடி திட்டி முடிச்சிக்கிறேன்."

திட்டினாள். பெட்டி வந்தால் என் பன்னுக்கு எந்தக் கடையிலும் இடம் இல்லை என்றாள். இந்த அடுப்பு அணைந்தால் இவளும் அவளும் சித்தாள் வேலைக்குத்தான் போக வேண்டும் என்று அந்த இரண்டு பெண்களைக் காட்டினாள். என்ன ஊர்க்காரன்யா நீ, எங்கிருந்தோ வந்து என் வயித்தில் அடிக்கிறாயே, உனக்குப் புள்ளைக்குட்டி கிடையாதா என்றாள். இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாள், லாரி டிரைவரே தேவலை என்று ஆகிவிட்டது. மூச்சு வாங்க நிறுத்தி, உள்ளங்கையை முந்தானையில் துடைத்து, காசை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். அடுத்த நொடி முகம் நிறையச் சிரிப்பு. "சூடா சாப்புடுண்ணே, நல்லா இருக்கும்" என்றாள்.

நல்லாத்தான் இருந்தது. அதுதான் எனக்குக் கோபம்.

நாலாம் நாள் இருட்டு பிரிகிற நேரத்தில் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வேனை நிறுத்தி ஏறிக்கொண்டேன். மேனேஜர் டெல்லியில் வளர்ந்த தமிழர், நல்ல சட்டை, நல்ல சென்ட். வீட்டுக்குச் சாமான் எல்லாம் ஆள் வாங்கி வந்து போடும். தன் கையால் ஒரு கட்டுக் கீரை வாங்கியிருக்க மாட்டார். பின்னால் கண்ணாடிப் பெட்டிகள் குலுங்கிக்கொண்டிருந்தன. குழியில் ஏறி இறங்கியதில் ஒன்றுக்கு மூலையில் கீறல் விழுந்திருந்தது. நான் கடைக்காரர்களுக்குச் சொன்ன கமிஷனைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். மேனேஜர் சிரித்தார். அதெல்லாம் மூன்று மாதத்துக்குத்தான், நீ போனில் சொன்ன அந்தப் பன் அடுப்பு மூடுகிற வரைக்கும், பிறகு பாதியாக்கிவிடலாம், வேறு பன் இல்லாதபோது என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏகாம்பரம் வீட்டில் களி தின்றவன் நான். கன்னியப்பனுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். என் வாயால் சொன்னதை இந்த ஆள் மூன்றாம் மாதம் பாதியாக்கி, அந்த முகங்களில் என்னை முழிக்க வைக்கப் போகிறாரா? வேலையை எறிந்துவிட்டு இறங்கிப் போகிற வீரம் எனக்குக் கிடையாது. குசும்பு மட்டும் உண்டு.

மேனேஜர் இந்த ஊர் ஜனங்கள் எப்படி, எப்படிப் பழக வேண்டும் என்று கேட்டார். பேரம் பேசுகிறவரைத்தான் சார் இங்கே மதிப்பார்கள் என்றேன். அதுவும் விடிந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பாதி விலைக்குக் கேட்க வேண்டும், அப்புறம் பாருங்கள் மரியாதையை என்றேன். இதைச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு ரோமம்கூட அசையவில்லை.

வேன் நின்றது. ஏகாம்பரம் என் போணிக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கன்னியப்பனும் கடையைத் திறந்துவிட்டார். நான் குனிந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்தேன். போட்டிருந்தது செருப்பு, ஆனாலும் கட்டினேன். மேனேஜர் முன்னால் போய் வாழைத்தாரில் ஒரு சீப்புப் பழத்தைப் பிடித்து விலை கேட்டார். ஏகாம்பரம் விலை சொன்னார். மேனேஜர் பெருமையாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதி விலை சொன்னார்.

ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். போணி சார், பார்த்துக் குடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மேனேஜர் அதற்கும் கீழே ஒரு நாலணா குறைத்தார். பிறகு, அப்படியானால் வேண்டாம் என்று பழத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

நான் நினைத்தது பாதிதான். பேரம் மட்டும் பேசுவார் என்று நினைத்தேன், கையில் எடுத்த போணியைத் திருப்பி வைப்பார் என்று நானே எதிர்பார்க்கவில்லை. ஏகாம்பரம் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துப் பீடை போக வாசலில் தெளித்தார். வேனிலிருந்து பெட்டியை இறக்க வந்த டிரைவரிடம், "அத்த இறக்காதப்பா, வந்த வழியே எத்துக்கினு போ" என்றார். எதிரே கன்னியப்பன் பாதிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். மேனேஜர் அடுத்த கடைக்கு நடப்பதற்குள் சேதி அவருக்கு முன்னால் நடந்துவிட்டது. சைக்கிள் கடையில் ஆளே இல்லை, கடை மட்டும் திறந்திருந்தது.

மேனேஜருக்குக் குழப்பம், கூடவே பசி. புகை வாசனை பிடித்துக்கொண்டு நேராகப் பாக்கியம் வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். அன்று விறகு ஈரம், அடுப்பு தாமதம், முதல் தட்டு அப்போதுதான் வெளியே வருகிறது. இந்த மனுஷன் அங்கேயும் போய் முதல் ஆளாகப் பேரம் பேசினால் அவள் நாள் நாசம். என் குசும்பு அவள் தலையில்தான் வந்து விடியும். ஓடினேன். மேனேஜரைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் காசைத் தட்டில் வைத்து ஒரு பன்னை எடுத்தேன். சூட்டில் விரல் பொசுங்கியது. பாக்கியம் காசைக் கண்ணில் ஒற்றிய பிறகுதான் பன்னை மற்றக் கைக்கு மாற்றினேன்.

இடித்ததற்கு மேனேஜர் முறைத்தார். பசி சார் என்றேன். அவர் தன் பங்குக்குப் பன் விலையைப் பாதியாகக் கேட்டார். பாக்கியம் சிரித்துக்கொண்டே முழு விலையையும் வாங்கிக்கொண்டாள். அவர் ஒன்று தின்றார், இன்னொன்று தின்றார். என்ன போடுகிறாய் இதில் என்று கேட்டு மூன்றாவதையும் தின்றார். அதற்குள் ஏகாம்பரம் கடையில் நடந்ததை முனுசாமி சைக்கிளில் வந்து அவள் காதில் போட்டிருந்தார். மேனேஜர் பின்னாலேயே வந்து நின்ற வேனைப் பாக்கியம் எட்டிப் பார்த்தாள். அந்தக் கீறல் விழுந்த பெட்டி சும்மாதானே கீது, விலைக்குக் குடுப்பியா சார் என்றாள்.

திருப்பி எடுத்துப் போகிற பாரத்தில் ஒன்று குறைந்தால் மேனேஜருக்கு லாபம்தான். ஒரு விலை சொன்னார். பாக்கியம் பாதி சொன்னாள். அவர் கொஞ்சம் இறங்கினார். அவள் அந்தப் பாதியிலேயே நின்றாள். கீறலைத் தொட்டுக் காட்டினாள், வேண்டாம் என்று பெட்டியை வேனில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. முனுசாமி பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஏகாம்பரம் கடைப் பக்கம் நடந்தார். கம்பெனி பெயரைச் சுரண்ட ஒரு உளி வேண்டும் என்று பாக்கியம் பின்னாலிருந்து சொன்னாள்.

மேனேஜர் வேனில் ஏறி உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இந்த ரூட்டே நமக்கு ராசியில்லப்பா, விட்டுவிடு, வேறு பக்கம் பார்க்கலாம் என்றார். நான் ஏறப் போனவன் நின்று, பாக்கியத்தின் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டேன். ஏம்மா, பெட்டி விற்றதுதானே இந்த ரோட்டில் எங்கள் மேனேஜர் இன்று பார்த்த முதல் வியாபாரம், போணி நேரத்தில் பேரம் பேசலாமா என்றேன்.

அவள் சூடான பன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்து, காசுக்குக் கையை நீட்டினாள்.

"அவுரு போணிதானண்ணே அது" என்றாள். "என் போணிதான் நீ பண்ணிட்டியே."